விழுங்கினால் போதுமா?

ஆரணிக்குத் தெற்கே உள்ள சேத்துப்பட்டுப் பக்கத்தில், பள்ளிக்கு நடந்து வரும் மாணவர்களுக்கு வேலிக்காத்தான் முள் புதிதன்று. செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறும். நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். அன்று மாலையே அந்த இடம் சிவக்கும், தொட்டால் சுடும். மறுநாள் வீங்கிக்கொள்ளும், காலை ஊன்ற முடியாது. மூன்றாம் நாள் வீக்கத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி தோன்றும். "சீழ் கட்டிவிட்டது, முள் தானாக வெளியே வந்துவிடும்" என்பார் பாட்டி. பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடக்கும். (முள் குத்தினால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் பாட்டி சொல்லாவிட்டாலும் நாம் மறக்கக் கூடாது.)

சீழ் என்பது என்ன? கிருமிகளின் கூட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு துளிச் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அதில் மிகுதியாக இருப்பவை நம் இரத்தத்தின் வெள்ளணுக்களே என்பது தெரியும். பல இறந்துபோனவை; சிலவற்றின் வயிற்றுக்குள் விழுங்கிய கிருமிகள் அப்படியே தெரியும். அந்த மஞ்சள் புள்ளி ஒரு போர்க்களம்.

இந்த வெள்ளணுக்கள் கிருமிகளை எப்படி விழுங்குகின்றன, விழுங்கியதை எப்படிக் கொல்கின்றன என்பதைக் காண்போம். விழுங்கப்பட்ட பின்னும் சாகாத கிருமிகள் உண்டு. அவற்றில் ஒன்றை எதிர்த்துச் சேத்துப்பட்டில் பல்லாண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்கும் வருவோம்.

மெசினாவில் ஒரு முள்

வெள்ளணுக்களின் இந்த வேலையைக் கண்டுபிடித்ததும் ஒரு முள்ளால்தான். 1882-ஆம் ஆண்டு, இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்னும் கடற்கரை நகரம். எலியா மெட்ச்னிகோஃப் என்ற ருசிய விலங்கியலறிஞர் அங்கே குடும்பத்துடன் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டிலுள்ள அனைவரும் சர்க்கஸில் குரங்குகள் செய்யும் வேடிக்கையைக் காணப் போய்விட்டனர். இவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து நட்சத்திர மீனின் இளம் உயிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. உள்ளே சில செல்கள் அமீபாவைப்போல் ஊர்ந்து திரிவது நன்றாகத் தெரிந்தது.

அவருக்குச் சட்டென்று ஓர் எண்ணம். இந்த நாடோடிச் செல்கள் உடலைக் காக்கும் காவலர்களாக இருக்குமோ? அப்படியானால், அந்த உயிரியின் உடலில் ஒரு முள்ளைச் செருகினால் இவை ஓடிவந்து அதைச் சூழ்ந்துகொள்ள வேண்டுமல்லவா? தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்கள் சிலவற்றைப் பறித்துவந்து அதன் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன!

நம் காலில் முள் தைத்தால் நேர்வதும் இதுவே. ஆனால் நட்சத்திர மீன் குஞ்சுக்கு இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்பு மண்டலமும் நம்முடையதுபோல் இல்லை. சிவப்பும் சூடும் வலியும் இல்லாமலே செல்கள் மட்டும் வந்து சேர்ந்தன என்பதுதான் இந்தச் சோதனையின் சிறப்பு. காவல் வேலையின் மூல முதல் செல்கள்தாம் என்பதை அது பளிச்சென்று காட்டியது.

இரண்டாண்டு கழித்து, டாஃப்னியா என்னும் நீர்த் தெள்ளை எடுத்துக்கொண்டார். அதுவும் ஒளி ஊடுருவும் பிராணி. ஊசிபோன்ற ஒரு பூஞ்சையின் விதைத்துகள்கள் அதன் குடலைக் குத்திக்கொண்டு உடலுக்குள் வரும். செல்கள் அவற்றைப் பிடித்து விழுங்கித் தீர்த்துவிட்டால் தெள்ளு பிழைக்கும். செல்கள் தோற்றால் தெள்ளு இறக்கும். ஒரு தொற்றுநோயின் தொடக்கமும் முடிவும் அவர் கண்முன் நடந்தன. உண்ணும் செல் என்ற பொருளில் இவற்றுக்குக் கிரேக்க மொழியிலிருந்து 'ஃபாகோசைட்' என்ற பெயர் அமைந்தது. தமிழில் விழுங்கணு என்போம்.

எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரத்தத்தின் தெளிநீரில் உள்ள எதிர்ப்பொருள்களே கிருமிகளைக் கொல்கின்றன, செல்கள் வெறும் துப்புரவாளர்கள் என்றது ஒரு கட்சி. கால் நூற்றாண்டு வாதம் நடந்தது. 1908-ஆம் ஆண்டு நோபல் பரிசை மெட்ச்னிகோஃபுக்கும், எதிர்க்கட்சியின் பெரும் அறிஞர் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இரு தரப்பும் பாதி பாதி சரி என்பதும், இரண்டும் கைகோத்துத்தான் வேலை செய்கின்றன என்பதும் பின்னர் விளங்கின.

தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும்

நம் உடலில் விழுங்கும் தொழிலைச் செய்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று நியூட்ரோஃபில். இரத்த வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் இவையே. எலும்பு மச்சையில் நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் அகலம். மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஆரணிப் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து ஒற்றை இழையை எடுத்தால், அதன் பருமனும் ஏறக்குறைய இவ்வளவே. விழுங்கப்படும் பாக்டீரியாவோ ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

மற்றது 'மேக்ரோஃபேஜ்' என்னும் பெருவிழுங்கி. இரத்தத்தில் மோனோசைட் என்ற பெயரில் திரிந்துவிட்டுத் திசுக்களுக்குள் புகுந்து பெருவிழுங்கியாக வளர்வது ஒரு வகை. கருவிலிருக்கும்போதே நுரையீரல், கல்லீரல், மூளை என்று அந்தந்த உறுப்பில் குடியேறி அங்கேயே நிலைத்துவிடுவது மற்றொரு வகை. நியூட்ரோஃபில் சில நாள்களில் மடிந்துவிடும். பெருவிழுங்கி மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும் வாழும். கிருமிகள் வராத நாளிலும் இதற்கு ஓய்வில்லை. முதிர்ந்துபோன சிவப்பணுக்களை விநாடிக்கு 20 லட்சம் வீதம் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உண்டு தீர்ப்பவை இவையே.

முள் தைத்த இடத்துக்கு நியூட்ரோஃபில்களுக்கு வழி காட்டுவது யார்? காயம்பட்ட திசுக்களும் அங்கே முன்பே இருக்கும் பெருவிழுங்கிகளும் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. பாக்டீரியாக்களும் தம் புரதங்களின் துணுக்குகளைச் சிந்திக்கொண்டே வருகின்றன. திருடன் பீடித் துண்டைப் போட்டுக்கொண்டே போவதுபோல என்று சொல்லலாம். அருகிலுள்ள நுண்குழாய்களின் உட்சுவர் பசைத்தன்மை அடைகிறது. இரத்த ஓட்டத்தில் விரைந்து செல்லும் நியூட்ரோஃபில் அதில் ஒட்டி, உருண்டு, நின்று, பிறகு சுவரின் இடுக்கு வழியே உடலை நெளித்து வெளியே வருகிறது. பிறகு, வேதிப்பொருளின் வாடை எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் ஊர்கிறது. அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் இந்தப் படை இறங்கியதன் அடையாளமே.

எதிரே ஒரு பாக்டீரியா. அதை எதிரி என்று அறிவது எப்படி? பாக்டீரியாவின் மேலுறையில் நம் உடலில் எங்கும் இல்லாத சில பொருள்கள் உண்டு. அவற்றைத் தொட்டறியும் வாங்கிகள் விழுங்கணுவின் மேற்பரப்பில் உள்ளன. ஆனால் சில பாக்டீரியாக்கள் வழுவழுப்பான உறையைப் போர்த்துக்கொண்டு வரும்; பிடித்தால் வழுக்கும். அப்போதுதான் எதிர்ப்பொருள்கள் கைகொடுக்கின்றன. அவையும், 'காம்ப்ளிமெண்ட்' என்னும் இரத்தப் புரதங்களும் பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. இப்படி ஒட்டியதை விழுங்கணு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். லண்டனில் ஆல்ம்ராத் ரைட் என்ற மருத்துவ அறிஞர் 1903-இல் இதைக் கண்டு, இப்பொருள்களுக்கு 'ஆப்சோனின்' என்று பெயரிட்டார். பழைய கிரேக்கர்கள் ரொட்டியோடு தொட்டுக்கொண்ட பண்டத்துக்கு ஆப்சன் என்று பெயர். ஊறுகாய் இல்லாமல் பழைய சோறு இறங்காது என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் எளிதில் புரியும். எர்லிக்கின் எதிர்ப்பொருளும் மெட்ச்னிகோஃபின் செல்லும் சந்திக்கும் இடம் இது.

பிடித்தபின் விழுங்குவது சில நிமிட வேலை. செல்லின் சவ்வு பொய்க்கால்களாக நீண்டு பாக்டீரியாவை இருபுறமும் சுற்றி வளைத்து, மறுமுனையில் ஒன்றோடொன்று இணைந்துவிடும். பாக்டீரியா இப்போது செல்லுக்குள் ஒரு சிறு பையில் அடைபட்டிருக்கிறது. இதை விழுங்குபை என்போம்.

பட்டறையில் இருக்கும் அதே மருந்து

செல்லுக்குள் லைசோசோம் என்னும் வேறு சிறு பைகள் மிதந்துகொண்டிருக்கின்றன. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியான் த துவ் 1955-இல் இவற்றுக்குப் பெயர் சூட்டினார்; 1974-இல் நோபல் பரிசும் பெற்றார். புரதம், கொழுப்பு, சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் என எதையும் உடைக்கும் நொதிகள் அவற்றில் அடைபட்டுள்ளன. விழுங்குபையோடு லைசோசோம் வந்து இணைய, நொதிகள் உள்ளே பாய்கின்றன. பையின் உட்புறம் அமிலமாகிக்கொண்டே போகிறது. நம் இரைப்பையில் நடப்பதைப் போன்ற ஒன்று, ஒரு தனிச் செல்லுக்குள் நடக்கிறது.

இதைவிடக் கடுமையான ஆயுதமும் உண்டு. விழுங்கிய மறுகணமே செல் ஆக்சிஜனை வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கத் தொடங்கும். மூச்சு விடுவதற்காக அன்று. பையின் சவ்விலுள்ள ஒரு நொதி, அந்த ஆக்சிஜனுக்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து, சூப்பராக்சைடு என்னும் வெறிபிடித்த பொருளாக்கிப் பைக்குள் கொட்டுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது.

பட்டுக்கு வெளிர் நிறச் சாயம் ஏற்றுபவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தெரிந்த பொருள்தான். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசையை நீக்கியபின், மிச்சமிருக்கும் மஞ்சள் நிறத்தைப் போக்கி வெளுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நியூட்ரோஃபில் இத்தோடு நிற்பதில்லை. மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியால் ஹைட்ரஜன் பெராக்சைடையும் குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கிறது. குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் நீரில் கரைந்தால் கிருமிகளைக் கொல்வது இதே அமிலம்தான். பட்டை யாரும் பிளீச்சிங் பவுடரில் வெளுப்பதில்லை. ஏனெனில் பட்டே கரைந்துவிடும். பட்டு ஒரு புரதம். பாக்டீரியாவின் உடலும் பெரும்பாலும் புரதம். கிருமியின் கதி என்னவாகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மையலோபெராக்சிடேஸ் பச்சை நிறமுடையது. நாள்பட்ட சீழும் சளியும் பச்சை கலந்து தெரிவது இதனால்தான்.

ஒரு நியூட்ரோஃபில் 3 முதல் 20 பாக்டீரியாக்களை விழுங்கிவிட்டு மடிகிறது. பெருவிழுங்கி நூறு வரை விழுங்கும். பிறகும் உயிரோடிருந்து, செத்த நியூட்ரோஃபில்களையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யும்.

வாதாபி கதை

இல்வலன், வாதாபி கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அண்ணன் இல்வலன் தம்பி வாதாபியை ஆடாக்கிச் சமைத்து, வரும் முனிவருக்கு விருந்து வைப்பான். உண்டு முடித்ததும் "வாதாபி, வெளியே வா!" என்று கூப்பிடுவான். வாதாபி முனிவரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவான். அகத்தியரிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. அவர் வயிற்றைத் தடவி வாதாபியைச் செரித்துவிட்டார்.

விழுங்குவது வேறு, செரிப்பது வேறு என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. மற்ற முனிவர்களும் விழுங்கத்தானே செய்தார்கள்?

இது உடலிலும் உண்மை என்பதற்குச் சில குழந்தைகளின் துயரமே சான்று. சூப்பராக்சைடு உண்டாக்கும் அந்த நொதி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகள் அரிதாகப் பிறக்கிறார்கள். அவர்களுடைய நியூட்ரோஃபில்கள் சரியான நேரத்தில் வருகின்றன, ஒழுங்காக விழுங்குகின்றன. கொல்ல மட்டும் முடிவதில்லை. கிருமிகள் செல்லுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். நமக்குத் தொந்தரவே தராத கிருமிகளாலும் பூஞ்சைகளாலும் இக்குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கட்டிகளும் நிமோனியாவும் வருகின்றன. இந்நோயை மருத்துவர்கள் 1950-களில் முதலில் விவரித்தார்கள். கோளாறு விழுங்கிய பிறகுதான் என்பது அடுத்த பத்தாண்டில்தான் தெரிந்தது.

அந்தக் குழந்தைகளிடம் செல்லில் குறை. செல்லில் எக்குறையும் இல்லாதபோதும் அதை ஏய்க்கக் கற்ற கிருமிகள் இரண்டு உண்டு. இரண்டும் மைக்கோபாக்டீரியம் என்ற ஒரே குடும்பம். இரண்டின் வரலாற்றிலும் சேத்துப்பட்டு என்ற பெயர் வருகிறது.

இரண்டு சேத்துப்பட்டுகள்

சென்னை மாநகருக்குள் ஒரு சேத்துப்பட்டு இருக்கிறது. 1956-இல் அங்கே காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருத்துவமனையில் படுக்கை கொடுத்துக் குணப்படுத்துவதற்குச் சமமாக, ஏழைகளின் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் காசத்தைக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது அந்த மையம்தான்.

நம் கதை தொடங்கிய சேத்துப்பட்டு வேறு. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இவ்வூர், அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலேயே தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. 1960-களிலிருந்து, ஜெர்மன் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் துணையோடு, செயின்ட் தாமஸ் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் இவ்வூரில் பணியாற்றின. நெசவும் உழவும் சூழ்ந்த கிராமங்களில் ஊரார் ஒதுக்கிவைத்த மனிதர்களுக்கு அங்கே மருத்துவம் கிடைத்தது.

காசக் கிருமி மூச்சுக்காற்றோடு நுரையீரலின் காற்றறைக்குள் போய்ச் சேர்கிறது. அங்கிருக்கும் பெருவிழுங்கி வழக்கம்போல் அதை விழுங்குகிறது. கிருமிக்கு வேண்டியதும் அதுதான்! அதன் மேலுறை மெழுகுபோன்ற கொழுப்பால் ஆனது. விழுங்குபையின் உள்ளிருந்தபடியே அது சில பொருள்களை வெளியிட்டு, லைசோசோம் வந்து பையோடு இணையாமல் தடுத்துவிடுகிறது. உயிருள்ள காசக் கிருமிகள் இருக்கும் பைகளோடு லைசோசோம்கள் சேர்வதில்லை என்பதை 1971-இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இரு அறிஞர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்துக் காட்டினர். பை அமிலமாவதும் பாதியில் நின்றுபோகிறது. வாதாபி உள்ளே சௌக்கியமாக இருக்கிறான்.

தொழுநோய்க் கிருமி இதற்கும் ஒருபடி மேலே போய்விட்டது. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் 1873-இல் இதைக் கண்டுபிடித்தார். நோயுண்டாக்கும் பாக்டீரியாக்களில் மனிதன் முதலில் இனங்கண்டவற்றுள் இதுவும் ஒன்று. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், சோதனைக்கூடத்தில் எந்த ஊட்டக் கூழிலும் இதை வளர்க்க முடியவில்லை. எலியின் உள்ளங்கால், ஆர்மடில்லோ என்ற அமெரிக்கப் பிராணி ஆகியவற்றின் உயிருள்ள உடலில்தான் வளர்க்கிறார்கள். சாதாரண பாக்டீரியா அரைமணிக்கொருமுறை இரண்டாகும். இது இரண்டாவதற்கு இரண்டு வாரம் ஆகிறது.

ஏன் இந்த மந்தம்? 2001-இல் இதன் மரபுத் தொகுதி முழுவதையும் படித்தபோது விடை கிடைத்தது. படிக்கப்பட்ட கிருமி தமிழ்நாட்டில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. அந்த வகைக்கு 'டி.என்.' என்றே பெயர். அதில் வேலை செய்யும் ஜீன்கள் சுமார் 1,600. செயலிழந்து எச்சமாகக் கிடப்பவை 1,100-க்கு மேல். காசக் கிருமிக்கு வேலை செய்யும் ஜீன்கள் ஏறத்தாழ 4,000. தலைமுறை தலைமுறையாக மாமனார் வீட்டிலேயே இருந்துவிட்ட மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வேலையும் தெரியாமல் போவதுபோல, செல்லுக்குள்ளேயே வாழ்ந்து வாழ்ந்து தனியே பிழைக்கும் திறமையை அது இழந்துவிட்டது.

அது இருக்குமிடத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதன் மேலுள்ள ஒரு தனிவகைக் கொழுப்பு, செல் கொட்டும் சூப்பராக்சைடு போன்றவற்றை வாங்கி முடக்கிவிடுகிறது. பெருவிழுங்கியின் உள்ளே கொழுப்புத் துளிகளைச் சேர்க்க வைத்து அதைத் தின்கிறது. முற்றிய நோயாளியின் தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தால், நுரைத்ததுபோல் உப்பிய பெருவிழுங்கிகளும், அவற்றினுள் சுருட்டுக் கட்டுகளைப்போல் அடுக்கிவைத்த கிருமிகளும் தெரியும்.

இதைப் படித்துவிட்டு அச்சப்படத் தேவையில்லை. ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருடைய உடல் இந்தக் கிருமியைத் தானே வென்றுவிடுகிறது. எப்படி? பெருவிழுங்கி தனியாகச் செய்ய முடியாததை, மற்றொரு வெள்ளணுவின் தூண்டுதலால் செய்கிறது. 'டி-செல்' எனப்படும் அந்த வெள்ளணு, பெருவிழுங்கி தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் கிருமித் துணுக்கை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அது பட்டதும் பெருவிழுங்கி உசுப்பப்பட்டதுபோல் ஆகிறது. லைசோசோம்கள் பெருகுகின்றன, தடைப்பட்டிருந்த இணைப்பு நடக்கிறது. அகத்தியர் வயிற்றைத் தடவியது என்று இதைத்தான் சொல்ல வேண்டும். டி-செல்லின் இந்தக் குரல் வலுவாக உள்ளவர்களுக்கு நோய் வந்தாலும் ஓரிரு தேமலோடு நின்றுவிடுகிறது. குரலே எழாதவர்களுக்குத்தான் உடலெங்கும் பரவுகிறது.

இழையை உணராத விரல்

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்ற தவறான எண்ணம் நெடுங்காலம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் பணியைத் தொடங்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் புண்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து உண்மையைக் கண்டார். கிருமி விரலைத் தின்பதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. வலி தெரியாததால் கையை எடுப்பதில்லை. புண்ணுக்கு ஓய்வு கொடுப்பதில்லை. புண் எலும்பு வரை போய்விடுகிறது.

தறியில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை அறுந்தால் விரல் நுனியால் தேடிப் பிடித்து முறுக்கி இணைக்க வேண்டும். முடியைவிட மெல்லிய அந்த இழையைக் கண்ணைவிட விரல்தான் முதலில் அறியும். விரல் மரத்துப்போனால் அவருக்குத் தொழிலே போயிற்று. ஊராரின் பார்வை மாறுவதற்கு முன்பே தறி அவரைக் கைவிட்டுவிடும்.

நரம்பைக் கெடுப்பது யார்? கிருமிதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2017-இல் லலிதா ராமகிருஷ்ணன் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியின் குழுவினர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்து ஒரு புதிய செய்தியை வெளியிட்டனர். (வேதியியலில் 2009-இல் நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் தங்கை இவர்.) அவர்கள் எடுத்துக்கொண்டது வரிக்குதிரை மீனின் குஞ்சு. மெட்ச்னிகோஃபின் நட்சத்திர மீனைப்போலவே இதுவும் கண்ணாடி உடல் கொண்டது! தொழுநோய்க் கிருமியைச் செலுத்தியபோது, அதை விழுங்கிய பெருவிழுங்கிகள் நரம்போடு ஒட்டிக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு என்ற ஆயுதத்தைச் சுரந்தன. கிருமி சாகவில்லை, பக்கத்திலிருந்த நரம்பின் உறைதான் சிதைந்தது. செரிக்க முடியாததை வயிற்றில் வைத்துக்கொண்டு செல் படும் பாட்டில், நரம்பு அடிபடுகிறது.

பெருவிழுங்கிக்கு வெளியிலிருந்து உதவ வேண்டும். 1940-களில் டாப்சோன் வந்தது. தனியாகக் கொடுத்ததில் கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் ஆகியவற்றின் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. இந்தியத் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் 1983-இல் இதை மேற்கொண்டது. நோயின் அளவுக்கேற்ப 6 அல்லது 12 மாதம், மருந்து இலவசம். முதல் வேளை ரிஃபாம்பிசினிலேயே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை செத்துவிடுவதால், மருந்து தொடங்கியவரால் பிறருக்குத் தொற்றும் என்ற பேச்சுக்கு இடமில்லை. நாடு முழுதுக்குமாகப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-இன் இறுதியில் எட்டியது. இருந்தாலும் 2023-ஆம் ஆண்டில்கூட நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. தோலில் நிறம் வெளிறிய, தொட்டால் உணர்ச்சியில்லாத ஒரு தேமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டினால் போதும். பஞ்சு நுனியால் மெல்லத் தொட்டே சோதித்துவிடுவார்கள்.

மூன்று மருந்துகளில் க்ளோஃபாசிமின் தனிப் போக்குடையது. கருஞ்சிவப்பு நிறம் கொண்ட அது, உடலில் எங்கெங்கோ பரவி, கடைசியில் பெருவிழுங்கிகளுக்குள்ளேயே படிகமாகப் போய்ச் சேர்கிறது. கிருமி ஒளிந்திருக்கும் அதே செல்லுக்குள்! மருந்து உண்போரின் தோல் சில மாதங்கள் கறுத்துத் தோன்றுவது இதனால்தான். பிறகு மெல்ல மாறிவிடும்.

மருந்தை முடித்தவர்களின் காதுமடல் தோலைச் சோதித்துப் பார்த்தால் அப்போதும் கிருமிகள் தெரிவதுண்டு. விவரம் அறியாதவர்கள் நோய் போகவில்லை என்று மிரண்டுவிடுவார்கள். அவை பிணங்கள். அந்த மெழுகு உறையைக் கரைக்கப் பெருவிழுங்கிக்கு அத்தனை காலம் பிடிக்கிறது. சோதனையில் கிருமிகளின் அளவை 0 முதல் 6 வரை எண்ணிட்டுக் குறிக்கிறார்கள்; ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் எண் வீதம் அது குறைந்துகொண்டு வரும். ஐந்தில் தொடங்கியவர் பூச்சியத்தை அடைய ஐந்தாண்டுகூட ஆகலாம். அதற்குள் அவர் மருந்தை நிறுத்திப் பல நாள் ஆகியிருக்கும், தறிக்கும் திரும்பியிருப்பார். அவருடைய பெருவிழுங்கிகள், எப்போதோ விழுங்கியதை அப்போதுதான் செரித்துக்கொண்டிருக்கும்.